அரிசி வாளிக்குள் லென்ஸ்

கல்முனையில் கமரா திருத்துகிறவர் மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். என் மகளின் லென்ஸை அதன்மேல் குப்புறப் பிடித்து மெல்லத் தட்டினார். துணியில் தவிடு விழுந்தது. ஒரு சிட்டிகைதான் இருக்கும். ஆனால் அது தவிடு என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? சின்ன வயதிலிருந்து சுளகும் கையுமாய் இருப்பவள் நான்.

அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"உம்மா, இதச் சோறாக்கவா போட்டீங்க?"

"ஈரம் இழுக்கட்டும் எண்டு அரிசிக்குள்ள வெச்சன் மகன்."

"கைப்போனத்தான் உம்மா அரிசிக்குள்ள வெக்கிற. அதுவும் தீட்டின அரிசி."

"எங்கட அரிசி அப்பிடி இல்ல. சவளக்கடைப் பக்கத்து வயல் நெல்லு. தவிட்டோட குத்திற."

"அதுதான் தவிட்டோட வந்திரிக்கி."

என் மகள் பர்ஸானா பக்கத்தில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைச் சுவரில் தொங்கிய மாப்பிள்ளைமாரின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் லென்ஸின் வளையத்தைத் திருகிக் காட்டினார். அம்மியில் மணல் அகப்பட்ட மாதிரிக் கரகரத்தது.

"திருத்தலாமா மகன்?"

"திருத்திற காசுக்குப் புதுசு வாங்கலாம்."

அந்தக் கடையில்தான் இந்தக் கதை தொடங்கியது. நான் சொல்ல, தங்கச்சி மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. தவிட்டுக் கதையை எழுத வேண்டாம், ஊர் சிரிக்கும் என்றாள். சிரிக்கட்டும், எழுது என்றேன்.

குசினிக் கூரை

எங்கள் குசினியின் கூரைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகும். ஓர் இடத்துக்குச் சட்டி வைப்பேன். மற்ற இடத்தில் மேசை கிடக்கிறது. மேசையை நகர்த்தினால் அடுப்புக்கும் எனக்கும் நடுவில் வந்து நிற்கும், அதனால் நகர்த்துவதில்லை.

அன்றைக்கு பர்ஸானா ஒரு கலியாண வீட்டிலிருந்து பசியோடு வந்தாள். கமராப் பையைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். மழை அவளுக்காகக் காத்திருந்த மாதிரிக் கொட்டியது. அவள் திரும்பி வருவதற்குள் பைக்குள் தண்ணீர். கமரா தப்பியது. லென்ஸ் நனைந்துவிட்டது.

அவள் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தாள். லென்ஸின் கண்ணாடிக்குள் ஆவி பிடித்த மாதிரி ஒரு மூட்டம் தெரிந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. இந்தக் கடற்கரையில் ஈரம் பட்ட எதுவும் தானாகக் காய்ந்ததை நான் கண்டதில்லை. உப்புக்காற்று காயவிடாது. முன்பு தங்கச்சி மகளின் போன் கிணற்றடியில் விழுந்தபோது இதே அரிசி வாளிதான் அதைக் காப்பாற்றியது. அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது.

லென்ஸை எடுத்து அரிசிக்குள் ஆழமாகப் புதைத்தேன். அதற்கு முன் இன்னொரு கெட்டித்தனமும் செய்தேன். வளையத்தைத் திருகினால் அது ஆமைத் தலை மாதிரி வெளியே நீளும். உள்ளே காற்றுப் போகட்டும் என்று நன்றாக நீட்டிவிட்டுப் புதைத்தேன். தவிடு போவதற்கு நானே கதவைத் திறந்து கொடுத்தது பிறகுதான் தெரிந்தது.

காலையில் பர்ஸானா வீடெல்லாம் தேடினாள். நான் சந்தோசமாக வாளியைக் காட்டினேன். அவள் முகம் போன போக்கைச் சொல்ல மாட்டேன். அது அவளுடைய முகம்.

கார்ட் கைமாறும் வழக்கம்

என் மகள் பெண்கள் பக்கத்துக்குப் படம் எடுக்கிறவள். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன்.

எங்கள் கலியாணங்களில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. ஆண்கள் பக்கத்துக்கு எத்தனை கமராக்காரரும் வரலாம். பெண்கள் இருக்கிற அறைக்குள் ஆண் கமராக்காரர் வர ஏலாது. பொம்பிளை, அதாவது கலியாணப் பெண், அலங்காரத்தோடு இருப்பாள். வயதுப் பிள்ளைகள் மேலே போடுகிற ஹபாயாவைக் கழற்றிவிட்டு இருப்பார்கள். ஆகவே கமரா பிடிக்கத் தெரிந்த பெண் வேண்டும். கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் அப்படிப்பட்டவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள்.

அதிலும் பர்ஸானாவுக்கு ஒரு முறை உண்டு. படம் எடுத்து முடிந்ததும் கமராவைத் திறந்து, படம் பதிகிற அந்தச் சின்னக் கார்ட்டை எடுத்து, பொம்பிளையின் உம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிடுவாள். ஒரு படம்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டாள். பிறகு ஒரு நாள் லெப்டொப்பைக் கொண்டு அந்த வீட்டுக்கே போய், அங்கேயே இருந்து கலியாண அல்பத்துக்கு வேண்டிய வேலையெல்லாம் செய்து, எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வருவாள். கலியாணத்துக்கும் அதற்கும் அநேகமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். பகல் சாப்பாடு அந்த வீட்டில்தான். கலியாணச் சாப்பாட்டை விட அந்தச் சாப்பாடு நல்லா இருக்கும், ஆறுதலாகச் சமைப்பார்கள். ஒரு வீட்டில் சுறாப் புட்டு தந்தார்கள், இன்னும் என் நாக்கில் நிற்கிறது. அது வேறு கதை.

இதனால் ஒரு வில்லங்கமும் உண்டு. ஆண்கள் பக்கத்துக் கமராக்காரர் தான் எடுத்த படத்தைக் கதவளவு பெரிதாக்கிக் கடையில் தொங்கவிடுவார். பர்ஸானா எதைத் தொங்கவிடுவது? அவள் எடுத்த நல்ல படமெல்லாம் ஊர் அலுமாரிகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

உரலைக் கேட்பவர் இல்லை

தவிடு விழுந்த அன்றைக்கே கடைக்காரர் இரண்டு லென்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று நான் கெடுத்ததின் தங்கச்சி. அதே மாதிரி, அதே பாரம். மற்றது கறுப்பாய், கொழுத்துப்போய், இரண்டு தேங்காய்ப் பாரத்தில் இருந்தது. விலை மூன்று மடங்குக்கு மேல்.

"இதுக்குத் தூசி போகாது, தூறல் பட்டாலும் தாங்கும்" என்றார். என்னைப் பார்த்து, "அரிசிக்குள்ள வெச்சாலும் பெரிசா ஒண்டும் ஆகாது" என்று சேர்த்தார்.

பர்ஸானா கொழுத்ததைக் கையில் எடுத்தவள் திரும்ப வைக்கவில்லை. அவளிடம் அவ்வளவு காசு இல்லை. என்னிடம் இருந்தது. குசினிக் கூரைக்கு என்று பிடித்த சீட்டு அந்த மாதம் எனக்கு விழுந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் கேட்கவில்லை. கேட்காமல் லென்ஸைத் தடவிக்கொண்டு நின்றாள். அது கேட்பதை விட மோசம்.

கடைக்காரர் நல்ல மனிதர். "ரெண்டையும் கொண்டு போங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்டத் திருப்பித் தாங்க" என்றார்.

பஸ்ஸில் நான் தொடங்கினேன்.

"என்ன கா, மூண்டு மடங்கு குடுத்து வாங்கி ஆருக்குக் காட்டப் போறாய்? ஒன்ட படத்தப் பாக்கிறது அந்த வீட்டுப் பொம்பளையள் மட்டும்தான்."

"அவங்க பாத்தாக் காணாதா உம்மா?"

"நான் இடியப்பம் வித்த நேரம் பிழியிறதுக்குப் பித்தளை உரல் வாங்கினனா? மர உரல்தான். திண்டவன் ஒருத்தனாவது உரலக் கேட்டானா?"

"உரலக் கேக்க மாட்டாங்க. இடியப்பம் உதிர்ந்தாக் கேப்பாங்க."

"என்ட இடியப்பம் எப்பவாவது உதிர்ந்திச்சா?"

"அதுதான் ஒருத்தரும் கேக்கல்ல."

முன் ஆசனத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கெடுத்தவளும் நான், கஞ்சத்தனம் பேசுகிறவளும் நான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாரி வரப்போகிறது. ஒழுகுகிற குசினியில் நின்று சமைக்கப்போவதும் நான்தான்.

நற்பிட்டிமுனை அலுமாரி

புதன்கிழமை நற்பிட்டிமுனையிலிருந்து பௌசியா போன் எடுத்தார். போன வருசம் அவர் மகளுக்குப் பர்ஸானாதான் படம் எடுத்தாள். தவிடு தின்ற அந்த லென்ஸால் எடுத்தது. "ஒருக்கா வந்திட்டுப் போ புள்ள, ஒரு படத்தில சின்ன வேல இரிக்கி" என்றார்.

போனோம். பௌசியா அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குக் கீழிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். அதற்குள் பஞ்சில் சுற்றிய கார்ட். நகை வைக்கிற மாதிரி வைத்திருந்தார்.

அவருக்கு ஒரு ராத்தா, மூத்த சகோதரி, இருந்தார். சவளக்கடையில் கட்டிக்கொடுத்தது. பௌசியாவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்த பிறகுதான் தனக்குச் சொன்னார்கள் என்று ராத்தாவுக்குக் கோபம். மாதக்கணக்கில் கதைக்கவில்லை. கலியாணத்துக்கு வரமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அன்று விடியவே ஒரு மூடை அரிசியோடு வந்து இறங்கினார். யாருடனும் கதைக்காமல் நேரே குசினிக்குள் போனார். நாள் முழுக்கச் சமைத்தார். கடைசியாக எல்லோரும் நின்று படம் எடுக்கிற நேரம் யாரோ கூப்பிட, ஈரக்கையோடு ஓடிவந்து ஓரத்தில் நின்றார். படம் எடுத்ததும் திரும்பிப் போய்ச் சட்டி கழுவினார். பின்னேரம் பஸ் ஏறிவிட்டார். மூன்று மாதத்தில் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார்.

"அந்தப் படத்தில ராத்தாட மூஞ்சிய மட்டும் பெரிசாக்கித் தா கா" என்றார் பௌசியா.

பர்ஸானா லெப்டொப்பில் படத்தைத் திறந்தாள். ஒரு சின்ன அறைக்குள் முப்பது பேருக்கு மேல். நடுவில் பொம்பிளை, கண்ணுக்குள் நிற்கிற மாதிரித் தெளிவு. பர்ஸானா ஓரத்துக்குப் போனாள், பெரிதாக்கினாள். பெரிதாகப் பெரிதாக ராத்தாவின் முகம் தேத்தண்ணீரில் போட்ட சீனி மாதிரிக் கரைந்தது. கண் இருக்கிற இடம் தெரிந்தது, கண் தெரியவில்லை.

"சிரிக்கிறாவா?" என்று பௌசியா கேட்டார்.

"சிரிக்கிற மாதிரித்தான் இரிக்கி."

"மாதிரி என்ன கா மாதிரி. சிரிச்சாவா, இல்லயா?"

பர்ஸானா இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். பௌசியா திரும்பி என்னைப் பார்த்தார். ராத்தாவுக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். முன்றானையை இழுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிற ஒரு கரைந்த கிழவி, அது நான்.

"நீங்க பக்கத்தில நிண்டீங்களே மாமி."

ஓம், சிரித்தார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் நான் பார்க்கவில்லை. எல்லோரையும் போல நானும் கமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஈரக்கை என் முழங்கையில் பட்டுக் குளிர்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்னேன்.

"கை குளிர்ந்து இருந்ததா" என்று பௌசியா திருப்பிச் சொன்னார். பிறகு கார்ட்டைப் பஞ்சில் சுற்றி டின்னுக்குள் வைத்து மூடினார். எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்தார். பர்ஸானாவைக் குறை சொல்லவில்லை. போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழமும் தந்துவிட்டார்.

சுவரில் ஒரு சாரன்

வீட்டுக்கு வந்ததும் பர்ஸானாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்குக் கை நடுங்கினதா அண்டைக்கு?"

"இல்ல உம்மா. கை நடுங்கினா நடுவும் கலங்கும்."

"மறுகா ஏன் ஓரம் மட்டும் கலங்கின?"

அவள் சொன்னது எனக்கு விளங்கின மட்டும் இதுதான். சின்ன அறை. நிறையப் பேர். பிளாஷ் அடித்தால் முன்னுக்கு நிற்கிறவர்கள் வெள்ளையாகிவிடுவார்கள், ஓரத்தில் நிற்கிறவர்கள் கறுத்துவிடுவார்கள். ஆகவே பிளாஷ் இல்லாமல் லென்ஸின் கண்ணை அகலத் திறந்து எடுக்க வேண்டும். அகலத் திறந்தால் விலை குறைந்த லென்ஸ் நடுவை மட்டும்தான் ஒழுங்காகப் பார்க்கும். கண்ணைச் சிறிதாக்கினால் ஓரம் தெளியும், ஆனால் வெளிச்சம் காணாது.

"அப்ப கொழுத்தது?"

"ஓரத்தையும் பாக்கும் எண்டுதான் சொல்றாங்க."

"சொல்றாங்க எண்டு நான் ஒரு மீனும் வாங்கினதில்ல. எடுத்துக் காட்டு."

அலுமாரியிலிருந்து ஆண்கள் உடுக்கிற மருதமுனைச் சாரன் ஒன்றை எடுத்துவந்தேன். சின்னச் சின்னக் கட்டம் போட்டது. தையலைப் பிரித்து, முன் அறைச் சுவரில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்து ஆணி அடித்தோம். எனக்கு எழுத்துத்தான் தெரியாது. கட்டம் எண்ணத் தெரியும். ஜன்னலைச் சாத்தி, கலியாண வீட்டு அறை மாதிரி ஒற்றை லைட்டைப் போட்டு, இரண்டு லென்ஸாலும் அவள் எடுத்தாள். எதை எதால் எடுத்தது என்று எனக்குச் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

லெப்டொப்பில் நடுவைக் காட்டினாள். இரண்டும் ஒன்றுதான். இழை இழையாகத் தெரிந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. இதற்கா மூன்று மடங்கு என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஓரத்துக்குப் போனாள்.

ஒரு படத்தில் ஓரக் கட்டமெல்லாம் நனைந்த துணியில் சாயம் போன மாதிரி ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. எண்ண ஏலாது. மற்றப் படத்தில் கடைசி ஆணி வரைக்கும் எண்ணினேன். ஆணித் தலையில் இருந்த துருகூடத் தெரிந்தது.

"எது கொழுத்தது எண்டு சொல்லவா உம்மா?"

"தேவல்ல."

கூரைக் காசு நினைவுக்கு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கலியாண வீட்டுப் படத்தில் ஓரத்தில் நிற்கிறது யார்? பொம்பிளையும் மாப்பிள்ளை வீட்டாரும் நடுவில். நகை போட்டவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில். குசினியிலிருந்து கடைசியாக வருகிறவர்களுக்கு மிஞ்சுவது ஓரம்தான். எந்தக் கலியாணத்திலும் என் இடமும் அதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்தோம். சீட்டுக் காசை நானே மேசையில் வைத்தேன்.

"உம்மா, குசினி?" என்றாள் பர்ஸானா.

"இன்னொரு சட்டி வைப்பம்."

கடைக்காரர் லென்ஸைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டும்போது, ஈரம் இழுக்கிற சின்னப் பக்கட்டுகள் நாலைந்தை என் கையில் திணித்தார். "அரிசிக்குப் பதிலா" என்றார்.

நிந்தவூரில்

புது லென்ஸுக்கு முதல் கலியாணம் நிந்தவூரில். பாரம் தாங்காமல் பின்னேரத்துக்குள் பர்ஸானாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதையும் சொல்ல வேண்டும். விலை கூடினது எல்லாம் சுகமாக இருக்கும் என்று யாரும் நினைக்கக் கூடாது. இரவு எண்ணெய் பூசிவிட்டேன்.

கடைசிப் படத்துக்கு எல்லோரும் நின்றார்கள். குசினியில் இருந்தவர்களையும் கூப்பிட்டார்கள். "மாமி, நீங்களும் வாங்க" என்று பொம்பிளையின் உம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நடுவுக்குத்தான் இழுத்தார். நான் விடுவித்துக்கொண்டு வழக்கமான இடத்துக்கே போனேன். கமராவுக்குப் பின்னால் பர்ஸானா சிரித்தது எனக்குத் தெரிந்தது. கார்ட்டை அவள் வழக்கம்போல அந்த உம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் அல்ப வேலைக்குப் போனோம். அந்தப் படத்தைத் திறந்ததும் நான் நடுவைப் பார்க்கவே இல்லை.

"ஓரத்துக்குப் போ புள்ள. அந்தப் பக்க ஓரம்."

அந்த ஓரத்தில் மாப்பிள்ளையின் சாச்சி ஒருவர், சின்னம்மா முறை, நின்றார். புருவங்களுக்கு நடுவில் விழுந்த மடிப்புக்கூடத் தெரிந்தது. பொம்பிளையின் உம்மா குனிந்து பார்த்தார்.

"கோவம் இன்னும் போகல்ல" என்றார். "சோத்தில இறைச்சி காணாது எண்டு சொன்னவ. நாளைக்கு ஒருக்காப் போய்ட்டு வாறன்."

அவர் அதைச் சொன்ன நேரம் எனக்கு நற்பிட்டிமுனை டின் ஞாபகம் வந்தது. பர்ஸானாவுக்கும் வந்திருக்க வேண்டும். அவள் மெதுவாக மற்ற ஓரத்துக்குப் படத்தை நகர்த்தினாள்.

அங்கே நான். முன்றானைக் கரையின் இழை தெரிந்தது. மூக்கின் பக்கத்து மச்சம் தெரிந்தது. கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றாக, வயல் வரப்பு மாதிரித் தெரிந்தது. இத்தனை வருசத்தில் என்னை நானே அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

கண் இரண்டும் மூடியிருந்தன.

பர்ஸானா பெரிதாக்கினாள். கரையவே இல்லை. மூடின இமையில் மயிர் எத்தனை என்று எண்ணலாம் போல இருந்தது. பொம்பிளையின் உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பர்ஸானா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு மூவரும் சிரித்த சிரிப்பில் குசினியிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

"ஒன்ட குசினிக் கூரைக் காசு உம்மா அது" என்றாள் பர்ஸானா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அல்பத்தில போடு" என்றேன். "அப்பிடியே போடு. ஓரத்த வெட்டிப் போடாத."